குதிரை ரத்தத்தில் நெளிந்தது

1880-இல் தேரா இஸ்மாயில் கானில் ராணுவக் குதிரைகள் செத்துக்கொண்டிருந்தன. சிந்து நதிக்கரையில் பிரிட்டிஷாரின் எல்லைப்புற முகாம் அது, இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. காய்ச்சல் வரும், விடும், திரும்ப வரும். நன்றாகத் தீனி தின்றுகொண்டே குதிரை இளைக்கும். காலும் அடிவயிறும் வீங்கும், ரத்தம் சுண்டி ஈறு வெளுக்கும், கடைசியில் பின்னங்கால் தள்ளாடி விழுந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் ‘சர்ரா’. அழுகிப்போனது என்று அர்த்தம்.

விசாரிக்க வந்தவர் கிரிஃபித் எவான்ஸ். 1835-இல் வேல்ஸில் பிறந்த ராணுவக் கால்நடை மருத்துவர். கனடாவில் பணியில் இருந்தபோது மெக்கில் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவமும் படித்து 1864-இல் பட்டம் வாங்கியவர். மாட்டு டாக்டர்தானே என்று அவரை யாரும் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் ஒதுக்கினார்கள், அதற்குப் பிறகு வருவோம்.

அவர் செய்தது எளிமையான காரியம். ஒரு சொட்டு ரத்தம், மேலே மெல்லிய கண்ணாடி, மைக்ராஸ்கோப். சாயம் எதுவும் இல்லை. இன்று ஆய்வகங்களில் புழங்கும் ஜீம்சா சாயம் வர இன்னும் 24 வருடம் ஆகவேண்டும். ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று. சாயம் ஏற்றிய ஸ்லைடில் எல்லாமே செத்துக் கிடக்கும். பச்சை ரத்தத்தில் முதலில் கண்ணில் படுவது ஒட்டுண்ணி அல்ல, இடிபட்டு நகரும் சிவப்பணுக்கள்தான். கூட்டத்தில் யாரோ முட்டித் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. உற்றுப் பார்த்தால் நடுவே சவுக்கு போல ஒன்று துள்ளும். எவான்ஸ் அதைக் குதிரையில் பார்த்தார், ஒட்டகத்திலும் பார்த்தார். நோயுற்ற ரத்தத்தை ஆரோக்கியமான விலங்குகளுக்குச் செலுத்தினார். அவையும் நோயில் விழுந்தன, அவற்றின் ரத்தத்திலும் அதே துள்ளல்.

நான்கு வருடம் முன்பு, 1876-இல், ரஷ்யாவில் இன்னொரு கால்நடை மருத்துவர் இதே தர்க்கத்தைக் கட்டிகளில் முயன்றிருந்தார். மிஸ்டிஸ்லாவ் நோவின்ஸ்கி. நாயின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை இன்னொரு நாய்க்குள் வைத்தார், அங்கேயும் கட்டி வளர்ந்தது. புற்றை ஓர் உடலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டிய ஆரம்பகாலச் சோதனை அது. நம் தெருநாய்களின் பிறப்புறுப்பில் ரத்தம் கசிந்தபடி தெரியுமே, அந்தத் தொற்றுக்கட்டியும் இப்படித்தான் பரவுகிறது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள் நாய் விட்டு நாய் தாவி இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கவும் ஸ்லைடும் மைக்ராஸ்கோப்பும்தான். கட்டியில் அழுத்தி எடுத்த கண்ணாடியில் உருண்டைச் செல்களும் அவற்றுக்குள் வெற்றுக் குமிழிகளும் தெரியும்.

எவான்ஸுக்கு வருவோம். அவருடைய முடிவை அன்றைய மருத்துவ அதிகார வட்டாரம் ஏற்கவில்லை. இதில் டிமதி லூயிஸை வில்லனாக்குவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கல்கத்தாவில் இருந்த லூயிஸ் கெட்டிக்கார ஆய்வாளர். இதே போன்ற ஒட்டுண்ணியை எவான்ஸுக்கு முன்பே எலி ரத்தத்தில் பார்த்தவர். அந்த எலிகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அப்படியானால் குதிரையில் மட்டும் அது எப்படிக் கொலைகாரன் ஆகும்? நோயால் பலவீனமான உடலில் அது வந்து குடியேறியிருக்கலாம் அல்லவா? ரத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத வேறு ஏதோ சேர்ந்து போயிருக்கலாம் அல்லவா? கேள்விகள் சரி. அந்தக் கேள்விகளோடு கோப்பை மூடியதுதான் தப்பு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சர்ராவில் ஒட்டுண்ணி எல்லா நாளும் கண்ணில் படாது. இன்று ரத்தம் முழுக்க நெளியும், சில நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது, பிறகு திரும்ப வரும். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நாம் பார்க்கும்போது மட்டும் ஒளிந்துகொள்ளும் பிழையின் அருமை எனக்குத் தெரியும். காரணம் பின்னால்தான் விளங்கியது: உடல் அதன் மேலுறையை அடையாளம் கண்டு அழிக்கத் தொடங்கும்போது, வேறு உறை மாட்டிய சில தப்பிப் பெருகுகின்றன. அதனால் ஒரு ஸ்லைடில் எதுவும் இல்லை என்பதற்கு நோய் இல்லை என்று பொருள் கிடையாது. காய்ச்சல் ஏறும்போது திரும்ப எடுக்கவேண்டும்.

1885-இல் ஜான் ஹென்றி ஸ்டீல் பர்மாவில் ராணுவக் கோவேறு கழுதைகளிடம் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். அடுத்த வருடம் தொடங்கிய பம்பாய் கால்நடைக் கல்லூரியின் முதல் முதல்வரும் இவர்தான். அதை அவர் வேறொரு இனம் என்று தவறாக வகைப்படுத்தினார், ஆனால் எவான்ஸின் பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்தது: ட்ரிபனோசோமா எவான்சி. பத்து வருடம் கழித்து டேவிட் புரூஸ் ஆப்பிரிக்காவின் ஜூலுலாந்தில், மாடுகளைக் கொல்லும் நகானா நோய்க்கும் இதன் உறவினன்தான் காரணம், செட்சி ஈ அதைப் பரப்புகிறது என்று காட்டினார். மனிதர்களின் தூக்க நோயும் இதே குடும்பத்துடையது என்பது 1900-களின் தொடக்கத்தில் தெரியவந்தது.

செட்சி ஈ இந்தியாவில் இல்லை. சர்ரா ஒட்டுண்ணிக்கு அது தேவையும் இல்லை. ஈக்குள் வளர வேண்டிய மரபுப் பகுதியை அது வழியில் எங்கோ தொலைத்துவிட்டது. கடித்த குதிரையின் ரத்தம் வாயில் காய்வதற்குள் அடுத்த குதிரையைக் கடிக்கும் மாட்டு ஈ போதும். பெரிய ஈக்கள்தான் பரப்புகின்றன என்ற சந்தேகம் எவான்ஸுக்கே இருந்தது.

எவான்ஸ் ஸ்லைடு பார்த்த அதே 1880-இன் நவம்பரில், அல்ஜீரியாவில் அல்போன்ஸ் லாவரான் ஒரு படைவீரனின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அவருக்கும் முதலில் அவநம்பிக்கைதான் கிடைத்தது, 1907-இல் நோபல் கிடைத்தது. எவான்ஸுக்கு 1917-இல் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஒரு பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. 1935-இல் நூறு வயது நிறைந்த பிறகு காலமானார்.

எவான்சி மனிதனைத் தொடாது என்று வெகுகாலம் நம்பினார்கள். நம் ரத்தத்தில் அதைக் கொல்லும் புரதம் ஒன்று இருக்கிறது. 2004-இல் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயி விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு வந்தார். அவர் ரத்த ஸ்லைடில் எவான்சி இருந்தது. அந்தப் புரதம் அவர் உடலில் வேலை செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுக்கும் சூரமின் மருந்தைக் கொடுத்து ஒட்டுண்ணியை ஒழித்தார்கள்.