அமெரிக்கச் சண்டையும் நம்ம பாலக்காட்டுக் கணவாயும்

போத்தனூர் ஜங்ஷன் பக்கம் டீக்கடையில ஒரு பெரியவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு சொன்னாருங்க: "ஒரு காலத்துல ஒலகத்தையே ஆட்டி வெச்ச ஐரோப்பாக்காரன், இன்னிக்கு அமெரிக்காகாரன் கையைப் பாத்துட்டு நிக்கறான் பாருங்க தம்பி." அந்தக் காலத்துல மட்டும் அவன் யார் கையையும் பாக்கலையான்னு எனக்கு ஒரு சந்தேகம். அதான் இந்தப் பதிவு.

கதை ஆரம்பிக்கறது அமெரிக்காவுல. அங்க விடுதலைப் போர் நடக்குது. 1778ல பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்துச்சு. உடனே இங்கிலீஷ்காரன் இந்தியாவுல இருக்கற பிரெஞ்சு ஊர்களைப் பிடிக்கக் கிளம்பிட்டான். பாண்டிச்சேரி போச்சு. 1779ல மாஹேயும் போச்சு. மாஹே வழியாத்தான் ஹைதர் அலிக்குத் துப்பாக்கி, வெடிமருந்தெல்லாம் வந்துட்டு இருந்துச்சு. மனுசனுக்குக் கோவம் வராதா? 1780ல ஆற்காட்டுச் சீமைக்குள்ள இறங்கிட்டாரு. இரண்டாம் மைசூர்ப் போர் அப்படித்தான் மூண்டது. எங்கயோ பாஸ்டன்ல ஆரம்பிச்ச தகராறு, சுத்திச் சுத்தி நம்ம கொங்கு நாட்டு வாசலுக்கு வந்துருச்சு. ஏன்னா அப்ப கோயமுத்தூர் மைசூர்க்காரங்க கையில இருந்துச்சு.

1782 டிசம்பர்ல ஹைதர் நோயில இறந்துட்டாரு. திப்பு பட்டத்துக்கு வந்தாரு. அடுத்த வருசம் மே மாசம் மங்களூரை முற்றுகை போட்டாரு. பிரெஞ்சுப் படை ஒண்ணும் அவர் கூட இருந்துச்சு. அதே சமயம் கடலூர்ல புஸ்ஸி தலைமையில இன்னொரு பிரெஞ்சுப் படை, கடல்ல சஃப்ரனோட கப்பல்கள். இங்கிலீஷ்காரன் நிலைமை நிஜமாவே மோசம். 1783 ஜூன் கடைசியில ஒரு சேதி வருது: ஐரோப்பாவுல ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்களாம்! முதல்கட்ட ஒப்பந்தம் ஜனவரியிலயே கையெழுத்தாச்சு. சேதி கப்பல்ல வந்து சேர அஞ்சு மாசம். அதுக்குள்ள கடலூர்ல செத்தவங்க எல்லாரும் முடிஞ்சு போன சண்டைக்காகச் செத்தவங்க.

சேதி வந்ததும் மங்களூர்ல இருந்த பிரெஞ்சுக்காரங்க சண்டையை விட்டு ஒதுங்கிட்டாங்க. திப்பு தனி ஆள். நண்பன் ராஜி ஆனதை வேற எவனோ சொல்லித் தெரிஞ்சுக்கறது எவ்ளோ கொடுமை!

இந்த இடத்துலதான் நம்ம ஊர் வருது. கர்னல் ஃபுல்லர்ட்டன்னு ஒருத்தர். தெற்குச் சீமையில இருந்த கம்பெனிப் படையோட தளபதி. சிப்பாய்களுக்குப் பல மாசச் சம்பளம் பாக்கி. ஆனாலும் ஆனைமலைக் காட்டு வழியா, விடாத மழையில, மரத்தை வெட்டிப் பாதை போட்டுப் பீரங்கியை இழுத்துட்டு வந்து, 1783 நவம்பர்ல பாலக்காட்டுக் கோட்டையைப் பிடிச்சாரு. மாசக் கடைசியில கோயமுத்தூரும் விழுந்துச்சு. அடுத்து ஸ்ரீரங்கப்பட்டணம்தான்னு கணக்குப் போட்டாரு.

ஏன் இந்தப் பக்கமா வந்தாரு? மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற பெரிய இடைவெளி இந்தக் கணவாய். ரெண்டு கடற்கரைக்கும் நடுவுல சுலபமான வழி. இங்க கம்பு, சோளம், நெல்லு, மாடு எல்லாம் கிடைக்கும். படை நடக்க வழி, படைக்குச் சோறு, வண்டி இழுக்க மாடு. அவர் 1787ல போட்ட புத்தகத்துலயும் இந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வருது. அந்தப் படையில பெரும்பாலானவங்க யாருன்னு நினைக்கறீங்க? நம்மாளுங்கதான். தெலுங்கு, தமிழ் பேசற சிப்பாய்கள். ஐரோப்பாவோட பலம்னு நாம சொல்றதுல பாதிக்கு மேல நம்ம மாடும், நம்ம தானியமும், நம்ம ஆளும்தான்.

முடிவுதான் கொடுமை. சென்னையில இருந்து உத்தரவு வந்துச்சு: பேச்சுவார்த்தை நடக்குது, பிடிச்சதை விட்டுட்டுத் திரும்பு. 1784 மார்ச்ல மங்களூர் உடன்படிக்கை. எல்லாம் பழையபடி. நம்ம ஊர்க் குடியானவனுக்கு மட்டும் பழையபடி ஆகியிருக்காது. ரெண்டு படையும் தின்னது தின்னதுதானே.

1790ல மறுபடியும் அதே கூத்து. ஜெனரல் மெடோஸ் கோயமுத்தூர்ல வந்து உக்காந்தாரு. திப்பு கஜலஹட்டி கணவாய் வழியா இறங்கி சத்தியமங்கலத்துல மோதினாரு. அப்புறம் குறி வெச்சது எதைத் தெரியுமா? ஈரோடு, தாராபுரம்னு கிடங்கு இருந்த ஊர்களை. கெட்டிக்காரர். 1791ல கோயமுத்தூர்க் கோட்டையை சால்மர்ஸ்ங்கற லெஃப்டினன்ட் சின்னப் படையோட காத்தாரு. அவருக்குத் துணையா நின்னது திருவிதாங்கூர்ப் படை. அதுல ஒரு பிரெஞ்சு அதிகாரியும் இருந்தாரு! நவம்பர்ல கோட்டை திப்பு வசமாச்சு. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்புறம் கொங்கு நாடு நிரந்தரமாக் கம்பெனிக்குப் போச்சு. இன்னிக்குக் கோட்டைமேடுன்னு பேர் இருக்கு, கோட்டை இல்ல.

பெரியவர் விசயத்துக்கு வர்றேன். 2022ல உக்ரைன் போர் வந்தப்புறம், 2023 மார்ச்ல ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வருசத்துல பத்து லட்சம் பீரங்கிக் குண்டு தர்றோம்னு வாக்குக் கொடுத்துச்சு. கெடு முடிஞ்சப்போ ஏறத்தாழ பாதிதான் ஆச்சு. 2025 ஜூன்ல ஹேக் நகர்ல நேட்டோ நாடுகள் 2035க்குள்ள உற்பத்தியில 5 சதவீதம் பாதுகாப்புக்குன்னு முடிவெடுத்தாங்க. பணம் இருக்கு, படிச்ச ஆள் இருக்கு. பட்டறையும் கிடங்கும் போதல. அன்னிக்கு அதையெல்லாம் அடுத்தவன் நிலத்துல இருந்து எடுத்துக்கிட்டான். இன்னிக்கு அவனே செஞ்சாகணும். என் கணக்குல ஐரோப்பா பலம் இழந்துச்சுங்கறதை விட, இரவல் பலம் கைவிட்டுப் போச்சுங்கறதுதான் சரி.

அந்த இரவலோட விலையையும் இதே போத்தனூர் பாத்துருக்கு. 1921 நவம்பர், மாப்பிள்ளைக் கலகம் நடந்த சமயம். திரூர்ல இருந்து ஏறத்தாழ நூறு கைதிகளைக் காத்து வராத சாமான் பெட்டியில அடைச்சு ரயில்ல அனுப்புனாங்க. கதவைத் திறந்தது நம்ம ஸ்டேஷன்லதான். எழுபது பேர் வரைக்கும் மூச்சு முட்டிச் செத்தாங்க. ஃபுல்லர்ட்டன் பீரங்கி போன அதே கணவாய் வழிதான்.

அடுத்த தடவை பெரியவரைப் பாத்தா இதைச் சொல்லணும். டீக்காசு நான் குடுத்தர்றேன் :-)