கைபாப் மேட்டுநிலத்து மான்களும் 1924ஆம் ஆண்டின் ஏற்பாடுகளும்

1924ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் வடவிளிம்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையில் மணிகளோடு அணிவகுத்து நின்றனர். குதிரை மீதிருந்தோர் சிலர். நடந்து வந்தோர் பலர். அவர்களுள் பெரும்பகுதியினர் நவஹோ இனத்தவர். ஆயிரக்கணக்கான மான்களை ஒலியெழுப்பி விரட்டிச் செங்குத்தான தடத்தில் இறக்கி, கொலராடோ ஆற்றை நீந்தச் செய்து, தென்விளிம்பில் கரையேற்றுவதே திட்டம். வகுத்தவர் ஜார்ஜ் மெக்கார்மிக் என்பவர். இக்காட்சியைப் படமெடுக்கத் திரைப்படக் குழுவினரும் வந்திருந்தனர். புதின ஆசிரியர் சேன் கிரேயும் உடனிருந்தார். கொல்லாமல் மான்களைக் குறைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கைபாப் என்பது பையூட் மொழிச் சொல். படுத்திருக்கும் மலை என்பது அதன் பொருள். மூன்று புறம் பள்ளத்தாக்குகளும் வறண்ட நிலமும் சூழ்ந்த இம்மேட்டில் வாழ்வன கோவேறு கழுதையின் காதுகளை ஒத்த பெருங்காதுகளை உடைய மான்கள். 1804ஆம் ஆண்டு லூயிஸ், கிளார்க் பயணக் குழுவினர் அக்காதுகளைக் கண்டே இவ்வினத்திற்குப் பெயரிட்டனர். கோடையில் உயர்ந்த காடுகளிலும் பனிக்காலத்தில் தாழ்ந்த சரிவுகளிலும் இவை மேயும். தலைமுறை தலைமுறையாகப் பையூட் மக்கள் இம்மான்களை வேட்டையாடி இறைச்சியும் தோலும் பெற்றுவந்தனர்.

1906ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இப்பகுதியை விலங்குக் காப்பிடமாக அறிவித்தார். மான் வேட்டை தடை செய்யப்பட்டது. வெள்ளையரின் தோல் வணிகத்தை நிறுத்தியதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அதே ஆணை பையூட் மக்களின் வேட்டையையும் சேர்த்தே நிறுத்திவிட்டது என்பதை இவ்வரலாற்றை எழுதியோர் பலர் ஒரு வரியில் கடந்து சென்றுவிட்டனர்.

காப்பிடம் என்றால் மானுக்குக் காப்பு. மானை உண்பவற்றுக்கு அன்று. அரசு வேட்டையர்கள் பூமா, ஓநாய், கொயோட்டி ஆகியவற்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் கொன்று குவித்தனர். கொல்லப்பட்ட பூமாக்கள் மட்டும் பல நூறு. காவலராக இருந்த ஜிம் ஓவன்ஸ் இப்பணியில் பெயர் பெற்றவர். 1913இல் ரூஸ்வெல்டே தம் மைந்தர்களுடன் வந்து ஓவன்ஸின் துணையோடு பூமா வேட்டையாடினார். இதே காலத்தில் மேட்டில் மேய்ந்த ஆடுமாடுகளின் எண்ணிக்கையும் குறைந்து, புல்லும் தழையும் மான்களுக்கே மிஞ்சின.

தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 என ஊகிக்கப்பட்ட மான்கள் 1924இல் 30,000 என்றனர் சிலர். 1,00,000 என்றனர் வேறு சிலர். முறையாக எண்ணியவர் எவருமில்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை. மானின் வாய் எட்டும் உயரம்வரை மரங்களில் இலையே இல்லை. வேளாண் அமைச்சர் அமைத்த குழு மான்களைப் பாதியாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. உயிரோடு பிடித்து அனுப்புவது, பொதுமக்களை வேட்டையாட விடுவது, இவை போதாவிடில் அரசே சுட்டுக் கொல்வது என்பன வழிகள்.

வேட்டைக்கு ஏற்பாடு செய்தல் எளிதாக இல்லை. அக்காலத்தில் அப்பகுதியில் கொலராடோ ஆற்றின் மீது வண்டிப் பாலம் கிடையாது. தெற்கிலிருந்து வருவோர் லீஸ் ஃபெரி என்னும் துறையில் ஓடத்தை நம்பியிருந்தனர். நவஹோ பாலம் திறக்கப்பட்டது 1929இல்தான். பனி வழியை அடைப்பதற்குள் உணவும் கூடாரமும் தோட்டாவும் கொண்டுவந்து, கொன்ற மானைக் கெடாமல் வெளியே கொண்டுசேர்க்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக ஓர் இடர் இருந்தது. கூட்டரசின் வனத்துறை அனுமதியோடு சுட்டவரை மாநில அதிகாரிகள் கைது செய்தனர். நிலம் கூட்டரசுடையது, மான் மாநிலத்துடையது என்பது ஆளுநர் ஜார்ஜ் ஹண்ட்டின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தன் நிலத்தைக் காக்க மான்களைக் கொல்லக் கூட்டரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1928இல் தீர்ப்பாயிற்று. வெளியே அனுப்பப்படும் உடல்களில் அரசின் ஆணைப்படி கொல்லப்பட்டவை எனக் காட்டும் அடையாளச் சீட்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது.

மெக்கார்மிக்கின் விரட்டல் என்ன ஆயிற்று? பனிப்புயல் வீசியது. மான்கள் விளிம்பை நோக்கி ஓடாமல், ஆள்வரிசையின் இடைவெளிகளில் புகுந்து பின்னோக்கிப் பாய்ந்தன. ஒரு மான்கூட ஆற்றைக் கடக்கவில்லை. சேன் கிரே இதனை வைத்து ஒரு புதினம் எழுதினார். அடுத்த பனிக்காலங்களில் பல்லாயிரம் மான்கள் பட்டினியால் மடிந்தன.

ஆல்டோ லியோபோல்ட் இந்நிகழ்வை எடுத்தாண்டபின், ஊனுண்ணிகளை அழித்தால் விளைவது என்ன என்பதற்குக் கைபாப் பாடநூல் சான்றாயிற்று. 1970இல் சூழலியலாளர் கிரேயம் கோலி, எண்ணிக்கைகள் நம்பத்தக்கன அல்ல, ஆடுமாடுகள் குறைந்ததும் காரணமாகலாம் என்று மறுத்தார். பாடநூல்களிலிருந்து கைபாப் மெல்ல மறைந்தது. 2006இல் வெளியான ஆய்வொன்று ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்டது. மான்கள் பெருகிய அவ்வாண்டுகளில் முளைத்து வளர்ந்த மரங்கள் மிக அரிதாகவே இருந்தன. லியோபோல்டின் கூற்றுக்கு மரங்கள் ஓரளவு சான்று கூறின.

இன்று கைபாப்பில் மான் வேட்டைக்கு விரும்புவோர் அரிசோனா மாநிலத்தின் குலுக்கலில் பெயர் தருகின்றனர்; பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். பெயர் விழுந்தவருக்குக் கிடைப்பது, கொன்ற மானின் மீது கட்டுதற்குரிய ஒரு சீட்டு.