தொற்றுச் சொறிதல்

ஒரு விலங்கு சொறிவதைக் கண்ட மற்றொரு விலங்கு, தன் தோலில் அரிப்புக்கான காரணம் ஏதும் இல்லாமலே சொறியத் தொடங்குவது. மனிதரிலும் மக்காக் குரங்குகளிலும் இது பதிவாகியுள்ளது.

2017இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஷோ-ஃபெங் சென் குழுவினர் சுண்டெலிகளிலும் இது நிகழ்வதாக அறிவித்தனர். திரையில் ஓடிய காணொளியில் வேறொரு எலி சொறிவதைப் பார்த்தாலே போதும் என்றது அந்த ஆய்வு. உடல் கடிகாரத்துக்குப் பெயர்பெற்ற மூளைப்பகுதி ஒன்றுக்கு இதில் பங்குண்டு என்றும் அது கூறியது. எலியின் கண்பார்வை மங்கல் என்பதால் இம்முடிவு வியப்பூட்டியது. வேறு ஆய்வகங்களில் சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே விளைவு கிடைக்கவில்லை. எலிகளைப் பொறுத்தவரை, விவாதம் முடிந்ததாகக் கொள்ள முடியாது.

விலங்குகளுக்கிடையிலான பழக்கத்தின் பங்கு இன்னும் சிக்கலானது. வலியில் அது தெளிவாகத் தெரிகிறது: மெக்கில் பல்கலைக்கழகத்தின் 2006 ஆய்வில், கூண்டுத் தோழன் வலியால் நெளிவதைக் கண்ட எலி தன் வலியையும் கூடுதலாகக் காட்டியது, அந்நிய எலியைக் கண்டபோது அப்படி இல்லை. சொறிதலும் இவ்வாறே நெருங்கியவரிடமிருந்து எளிதில் தொற்றும் என எதிர்பார்ப்பது இயல்பு. போர்னியோ ஒராங்குட்டான்களோ நேர்மாறாக நடந்தன. 2020இல் வெளியான ஆய்வின்படி, பதற்றமான சூழலில், நெருக்கம் குறைந்த விலங்குகளுக்கிடையேதான் சொறிதல் அதிகம் தொற்றியது. மனிதக் குரங்குகள் பதற்றத்திலும் சொறியும். எனவே அங்கே தொற்றியது அரிப்பைவிடப் பதற்றமாகவே இருக்கலாம்.