பணம் யார் கையில்?

ஒரு மனிதர் இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போகலாம் என்பதைப் பார்லிமெண்டு கூடி முடிவு செய்ய வேண்டுமா? இதென்ன பைத்தியக்காரக் கேள்வி என்று வாசகர்கள் நினைக்கலாம். இங்கிலாந்தில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. அதற்கு 48 வருஷமும் பிடித்தது.

ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் லெ கோர்ட் என்று ஒரு மாளிகை. அதன் சொந்தக்காரர் லெனார்ட் செஷயர், இரண்டாவது உலக யுத்தத்தில் விக்டோரியா கிராஸ் வாங்கிய விமானி. 1945 ஆகஸ்டு 9-ந் தேதி நாகசாகியின் மீது அணுகுண்டு விழுந்தபோது, பிரிட்டனின் சார்பில் வானத்திலிருந்து அதைக் கண்ணால் கண்டவர். அந்தக் காட்சியைப் பார்த்தவர் பிறகு என்ன ஆவார் என்பதைக் கதாசிரியர்களிடம் விட்டால் ஆளுக்கொரு முடிவு எழுதுவோம். செஷயர் செய்தது எங்கள் கற்பனைக்கு எட்டாதது. 1948-ல், புற்றுநோயால் சாகக் கிடந்த ஆர்தர் டைக்ஸ் என்பவரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து, தம் கையாலேயே பணிவிடை செய்தார். பிறகு போக்கிடம் இல்லாத இன்னும் பலர் வந்தார்கள். லெ கோர்ட் முதல் செஷயர் இல்லமாயிற்று. 1950-களிலேயே நம் நாட்டிலும் அத்தகைய இல்லங்கள் தோன்றிவிட்டன.

அதே 1948-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தேசீய உதவிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏழைகளையும் நோயாளிகளையும் உழைப்பு விடுதிகளில் அடைத்து வைத்த பழைய ஏழைச் சட்டம் இனிமேல் செல்லாது என்பதுதான் அதன் முதல் பிரகடனம். கையில் காசு கொடுத்தால் மனிதன் கெட்டுப் போவான், விடுதிக்குள் வந்தால் சோறு போடலாம் என்பது 1834-ல் அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தியவர்களின் சித்தாந்தம். அதைக் குழி தோண்டிப் புதைத்தவர்கள் அதனுள்ளிருந்த சந்தேகத்தைப் புதைக்க மறந்துவிட்டார்கள். புதிய சட்டத்தின் 29-ஆவது பிரிவு, ஊனமுற்றவர்களுக்கு வேண்டிய சேவைகளை உள்ளூர் சபைகள் செய்யலாம் என்றது. அவர்கள் கையில் ரொக்கமாகக் கொடுக்க மட்டும் கூடாது என்றது.

நமது கூட்டுக் குடும்பங்களில் விதவை அத்தை ஒருத்தி இருப்பாள். அவளுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வருஷத்துக்கு இரண்டு புடவை உண்டு. ஜுரம் வந்தால் வைத்தியர் வருவார். ஆனால் கோயிலுக்குப் போக பஸ்ஸுக்கு நாலணா வேண்டுமென்றால் அண்ணன் மகனிடம் போய் நிற்க வேண்டும். எதற்கு, எப்போது திரும்புவாய் என்று அவன் கேட்பான். கெட்டவனல்ல, கேட்கிற உரிமை அவனுக்கு இருக்கிறது, அவ்வளவுதான். அந்த 29-ஆவது பிரிவு ஒரு தேசத்தில் கை கால் வழங்காத அத்தனை பேரையும் அத்தையாக்கி வைத்தது.

சபை, இல்லத்துக்குப் பணம் கட்டும். இல்லம், பணியாட்களுக்குச் சம்பளம் கொடுக்கும். சம்பளம் கொடுப்பவரின் கடிகாரம்தானே வேலைக்காரரின் கடிகாரம்? ஆகவே, படுக்க வைக்க ஆள் இருக்கிற நேரம்தான் படுக்கிற நேரம். 1960-களின் தொடக்கத்தில் லெ கோர்ட்வாசிகள் நடத்திய போராட்டங்களின் கோரிக்கைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். விரும்பிய நேரத்தில் படுக்க வேண்டும். ஒரு கோப்பை மது அருந்தலாம். நிர்வாகத்திடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய் வரலாம். ஆணும் பெண்ணும் பழகினால் யாரும் தலையிடக் கூடாது. கேட்டவர்கள் வயது வந்த ஆண்களும் பெண்களும்!

அவர்களில் முக்கியமானவர் பால் ஹண்ட். தசைகள் மெலிந்து போகும் வியாதியோடு, 1950-களில் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து லெ கோர்ட்டுக்கு வந்தவர். இந்தப் போராட்டத்தில் மத்தியஸ்தம் செய்யக் கூடிய நிபுணர்களை வரவழைக்கலாம் என்று இல்லத்தினர் நினைத்தார்கள். லண்டன் டாவிஸ்டாக் ஸ்தாபனத்திலிருந்து எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் என்ற இருவர் வந்து ஆராய்ந்தார்கள். 1972-ல் புத்தகமும் வந்தது. இப்படிப்பட்ட இல்லங்களில் சேருகிறவர்களைச் சமூகம் ஏற்கெனவே இறந்தவர்களாகக் கணக்கெழுதி விட்டது; அந்தச் சாவுக்கும் உடம்பின் சாவுக்கும் இடையேயுள்ள காலத்தைச் சமாளித்துக் கொடுப்பதே இல்லத்தின் வேலை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆராய்ச்சி என்ற வகையில் அது பொய்யல்ல என்றே சொல்வேன். ஆனால் உயிரோடிருக்கிற மனிதர்கள் நியாயம் கேட்டு அழைத்தபோது, அவர்களுக்கு மரண சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது ஒரு தினுசான மத்தியஸ்தம்தான்.

ஹண்ட் அதற்குள் மணம் செய்துகொண்டு இல்லத்தை விட்டு வெளியேறியிருந்தார். 1972 செப்டம்பரில் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்பார் இல்லாத விடுதிகளில் எங்களை ஒதுக்கி வைக்கிறார்கள். நாங்களே ஒரு சங்கமாகச் சேருவோம் என்பது அதன் சாரம். அந்தச் சங்கம் 1976-ல் வெளியிட்ட கொள்கை விளக்கத்திலிருந்துதான் இன்று உலகெங்கும் பேசப்படுகிற ஒரு கருத்து பிறந்தது: குறை உடம்பில் இருக்கலாம், ஊனப்படுத்துவது சமூகம். ஹண்ட் 1979-ல், 42-ஆவது வயதில் காலமானார்.

அந்த வருஷமே லெ கோர்ட்டில் சிலர் வேறொரு கணக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள். 1981-ஐ ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது. அதையொட்டித் தங்கள் முயற்சிக்குத் 'திட்டம் 81' என்று பெயர் வைத்தார்கள். இல்லத்துக்கு எங்களுக்காகக் கட்டுகிற தொகையை எங்களிடம் கொடுங்கள். வெளியே ஒரு வீடு பார்த்துக்கொண்டு, உதவிக்கு ஆளையும் நாங்களே அமர்த்திக்கொள்கிறோம் என்று உள்ளூர் சபைகளிடம் கேட்டார்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் எட் ராபர்ட்ஸ் என்ற போலியோ நோயாளியும் அவருடைய நண்பர்களும் 1972-லேயே சுதந்திர வாழ்வுக்கென்று ஒரு நிலையம் தொடங்கி, இது நடக்கக் கூடியதுதான் என்று காட்டியிருந்தார்கள். லெ கோர்ட்வாசியான ஜான் எவான்ஸ் அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சபைகள் மறுக்கவில்லை, சட்டம்தான் மறுத்தது. கடைசியில் கண்டுபிடித்த உபாயம் மிகவும் சுவாரஸ்யமானது. சபை வழக்கம் போல் இல்லத்துக்கே பணம் கட்டியது. இல்லம் அதை, வெளியேறிப் போனவரின் கையில் கொடுத்தது! எந்த மாளிகையிலிருந்து தப்பினார்களோ அந்த மாளிகையே அவர்களுக்கு மணியார்டர் ஆபீஸ் ஆயிற்று. இந்த ஏற்பாட்டில் எவான்ஸ் 1983-ல் தம் சொந்த வீட்டுக்குக் குடிபோனார்.

1988-ல் சர்க்காரே 'சுதந்திர வாழ்வு நிதி' ஒன்றை ஏற்படுத்தி நேரடியாக ரொக்கம் கொடுத்தது. சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஐந்து வருஷத்தில் 20,000 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கையில் காசு வந்ததால் யாரும் கெட்டுப் போகவில்லை. 1996-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது; மறு வருஷம் ஏப்ரலிலிருந்து சபைகள் நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. அப்போதும் 65 வயது தாண்டியவர்களுக்கு இல்லை என்று ஒரு முட்டுக்கட்டை. அது 2000-ல்தான் நீங்கியது.

இத்துடன் சுபம் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் காசைக் கையில் கொடுப்பது என்பது வேறு, போதிய காசு கொடுப்பது என்பது வேறு. தொகை குறைந்தால் ஆளை அமர்த்தும் மணிகள் குறையும். பணியாளரின் கூலியும் குறையும். அப்போது எழுப்பி விடக் காலையில் ஒரு மணி, படுக்க வைக்க மாலையில் ஒரு மணி என்று, சொந்த வீடே ஒற்றை ஆள் விடுதியாகிவிடும். சிக்கனம் பிடிக்க வந்த சர்க்கார் 2010-ல் நிதியில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தியது. அடியோடு மூடும் முடிவை 2013-ல் அப்பீல் கோர்ட்டு ரத்து செய்தது. அடுத்த வருஷமே அதே முடிவு மறுபடியும் வந்தது.

2015 ஜூன் 24-ந் தேதி, பிரதம மந்திரி காமன்ஸ் சபையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், சக்கர நாற்காலிகளில் வந்த ஒரு கூட்டம் சபை மண்டபத்துக்குள் நுழைய முயன்றது. போலீஸார் தடுத்துவிட்டார்கள். ஜூன் 30-ந் தேதி நிதி மூடப்பட்டு, பொறுப்பு இங்கிலாந்தில் உள்ளூர் சபைகளிடம் போயிற்று. ஸ்காட்லாந்து தனக்கென்று ஒரு நிதி ஏற்படுத்திக்கொண்டது. வட அயர்லாந்துக்காரர்களுக்கும் அதன் மூலமே பணம் போகிறது.