ரெண்டு ஒன்நோட்டும் எங்க அப்பத்தாவும்

எங்க பக்கத்துல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது வழக்கம். 'பெயரன்'தான் 'பேரன்' ஆச்சுன்னு பள்ளிக்கூடத்துல தமிழய்யா சொல்லிக் குடுத்திருக்கார். தாத்தா உயிரோட இருக்கும்போதே அதே பேரை வச்சுட்டா வீட்ல ஒரே கூத்துதான். தபால்காரர் வாசல்ல நின்னு பேரைச் சொன்னா ரெண்டு பேரும் எழுந்து வருவாங்க. மருமகள் மாமனார் பேரைச் சொல்லக்கூடாது, அதனால பெத்த மகனையே பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. கடைசி வரைக்கும் "சின்னவரே"தான்.

இதே கூத்து மென்பொருள் உலகத்துலயும் நடந்திருக்கு. குறிப்பெடுக்குற செயலிகளோட வரலாறு மொத்தத்தையும் ரெண்டு வரியில சொல்லணும்னா இப்படித்தான்: ஒண்ணு பேரை மாத்துவாங்க, இல்லைன்னா கடையைச் சாத்துவாங்க. ஆபீஸ்ல ஆணி புடுங்குன நேரம் போக, கொஞ்ச நாளா இதைப் பத்தியே படிச்சுட்டு இருந்தேன். எனக்கு ஏன் இதுல இவ்வளவு கடுப்புன்னு கடைசியில சொல்றேன். முதல்ல வரலாறு.

*

தாத்தா

2002 நவம்பர்ல அமெரிக்காவுல காம்டெக்ஸ் கண்காட்சி. அங்கதான் பில் கேட்ஸ் ஒன்நோட்டை அறிவிச்சார். அடுத்த வருஷம் ஆஃபீஸ் 2003 குடும்பத்தோட சேர்ந்து "மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஒன்நோட் 2003"ங்கிற முழு நீளப் பேரோட வெளியே வந்துச்சு. பின்னால இருந்தவர் கிறிஸ் பிராட்லி. யோசனை ரொம்ப எளிமை: காகித நோட்டுல எப்படி எழுதுவோமோ அப்படி. பக்கத்துல எந்த மூலையில வேணா கிளிக் பண்ணி எழுதலாம். 'சேவ்' பட்டனை அழுத்த வேண்டாம், அதுவே சேமிச்சுக்கும். வகுப்புல பேசுறதை ஒலிப்பதிவு பண்ணிக்கிட்டே குறிப்பும் எடுக்கலாம். 2003ல இதெல்லாம் பெரிய விஷயம்.

அப்புறம் 2007, 2010, 2013, 2016னு ஆஃபீஸ் வரும்போதெல்லாம் இதுவும் வந்துச்சு. வருஷம் மட்டும் மாறும், பேர் மாறாது. இதுவரைக்கும் குழப்பம் இல்லை.

பேரன்

2012ல விண்டோஸ் 8 வந்துச்சு. இனிமே எல்லாரும் திரையைத் தொட்டுத்தான் வேலை பார்ப்பாங்கன்னு மைக்ரோசாஃப்ட் நம்புன காலம். அதுக்காகவே புதுசா ஒரு ஒன்நோட்டை எழுதுனாங்க. 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப அந்தப் புதுசு கணினியோடவே வந்துச்சு. அதோட பேரு? வெறும் "ஒன்நோட்". ஆஃபீஸ் போட்டிருந்தா பக்கத்துலயே பழைய "ஒன்நோட் 2016"ம் உக்காந்திருக்கும்.

வெளியில இருந்து பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே வேற வேற. முக்கியமான வித்தியாசம் ஒண்ணு: தாத்தா உங்க நோட்டை உங்க வன்தட்டுலயே வச்சுக்க விடுவார். பேரன் விடமாட்டான், எல்லாம் ஒன்டிரைவ் மேகத்துலதான்.

அந்த ஒன்டிரைவ் கதையும் இதே ரகம். 2007ல "விண்டோஸ் லைவ் ஃபோல்டர்ஸ்"னு ஆரம்பிச்சு "ஸ்கைடிரைவ்" ஆச்சு. "ஸ்கை"ங்கிற பேருக்காக பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனமான பிஸ்கைபி வழக்குப் போட்டு 2013ல ஜெயிச்சது. அதனால 2014ல "ஒன்டிரைவ்". ஆக, பேரனும் சரி, பேரன் குடியிருந்த வீடும் சரி, ரெண்டுக்குமே பேர் நிலையில்லை :-)

பால் ஊத்துனதும் எழுந்து உக்காந்ததும்

2018 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. தாத்தாவோட கடைசிப் பதிப்பு 2016தான், இனிமே அதுக்குப் புது வசதி எதுவும் கிடையாது, ஆஃபீஸ் 2019 நிறுவும்போது அது தானா வராது, எல்லாரும் பேரனுக்கு மாறிக்கோங்க. சுருக்கமா, தாத்தாவுக்குப் பால் ஊத்தியாச்சு.

நோட்டை வன்தட்டுல வச்சிருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பேரனால அந்தக் கோப்பைத் திறக்கவே முடியாது. மேகத்துல ஏத்தினாதான் வழி. கம்பெனி ரகசியத்தை மேகத்துல ஏத்தக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கிற ஆபீஸ்காரங்க என்ன பண்ணுவாங்க?

ஒன்றரை வருஷம் போச்சு. 2019 நவம்பர்ல, மக்கள் கேட்டுக்கிட்டதால தாத்தாவுக்கு மறுபடி வைத்தியம் பார்க்கப் போறோம், புது வசதிகளும் வரும்னு சொன்னாங்க. 2021 ஆகஸ்ட்ல அடுத்த அறிவிப்பு: இனிமே ரெண்டு கிடையாது, ஒண்ணுதான், அந்த ஒண்ணு தாத்தாவோட உடம்பு மேல கட்டப்படும், பேரன்கிட்ட இருந்த நல்ல குணங்களை இவருக்கு மாத்துவோம். 2025 அக்டோபர் 14ல பேரனுக்கான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சதும் அதே தேதியிலதான். பேரன்கிட்ட இருக்கிற நோட்டைப் படிக்கலாம், எழுத முடியாது.

தாத்தாவுக்குப் பால் ஊத்தி வச்ச வீட்ல பேரன் போய்ச் சேர்ந்தான்.

இதுல பேர் எப்படி ஊர் சுத்துச்சுன்னு பாருங்க. முதல்ல "ஒன்நோட்"னா பேரன், "ஒன்நோட் 2016"னா தாத்தா. அப்புறம் பேரனுக்கு "ஒன்நோட் ஃபார் விண்டோஸ் 10"னு பேர் வச்சு, தாத்தா பேர்ல இருந்த 2016ஐ எடுத்துட்டாங்க. இப்ப "ஒன்நோட்"னா தாத்தா. 2016ல யாராவது "ஒன்நோட்டைத் திற, இந்தப் பட்டனை அழுத்து"ன்னு உதவிக்குறிப்பு எழுதியிருந்தா, அதை இன்னைக்குப் படிக்கிறவர் வேற ஒரு மென்பொருள்ல அந்தப் பட்டனைத் தேடிக்கிட்டு இருப்பார். தேடுபொறிக்கு என்ன தெரியும், தாத்தாவா பேரனான்னு?

*

பேர் மாறுறதுதான் தொல்லைன்னு நினைச்சா, பேர் மாறாம மத்ததெல்லாம் மாறுனது ஒண்ணு இருக்கு. எவர்நோட்.

அதை ஆரம்பிச்ச ஸ்டெபான் பாச்சிகோவ் சோவியத் காலத்து ஆள். அவரோட முந்தைய கம்பெனி பாராகிராஃப் செஞ்ச கையெழுத்து அறியுற நுட்பம்தான் 1993ல வந்த ஆப்பிள் நியூட்டன்ல இருந்தது. அந்த நியூட்டனையும் ஆப்பிள் 1998ல மூடிடுச்சு. எவர்நோட் 2008ல பொதுமக்களுக்கு வந்துச்சு. தலைமை ஏத்த ஃபில் லிபின், நூறு வருஷம் நிக்கிற கம்பெனியா இதைக் கட்டணும்னு மேடைக்கு மேடை பேசினார். பேரே 'எவர்' ஆச்சே!

நல்லாத்தான் போச்சு. அப்புறம் கவனம் சிதறுச்சு. சாப்பாட்டுக்குத் தனிச் செயலி, படத்துல கிறுக்குறதுக்கு ஸ்கிட்ச், பை, காலுறை விக்கிற கடை வரைக்கும் போனாங்க. குறிப்பெடுக்குற கம்பெனி காலுறை வித்துச்சுங்க, நான் அடிச்சு விடலை. 2015லயே அந்த உணவுச் செயலியை மூடினாங்க. 2022 நவம்பர்ல இத்தாலியோட பெண்டிங் ஸ்பூன்ஸ் எவர்நோட்டை வாங்குறதா அறிவிப்பு வந்துச்சு. 2023 ஜூலையில அமெரிக்கா, சிலியில இருந்த ஊழியர்கள்ல பெரும்பாலானவங்களை அனுப்பிட்டாங்க. அந்த டிசம்பர்ல இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டுன்னு எல்லை போட்டாங்க. கடை போர்டு அதேதான். உள்ள சரக்கு மாஸ்டர்ல இருந்து கல்லாவுல உக்காந்திருக்கிறவர் வரைக்கும் புதுசு.

ஆனா ஒண்ணு சொல்லணும். எவர்நோட்ல இருந்து குறிப்புகளை எக்ஸ்எம்எல் கோப்பா வெளியே எடுக்க ரொம்ப காலமா வழி இருந்தது. மத்த செயலிகள் அதைப் படிக்கவும் கத்துக்கிச்சு. ஓடிப் போக நினைச்சவன் மூட்டை கட்டிக்கிட்டுப் போக முடிஞ்சது.

கூகுள் விஷயத்துலயும் இதைச் சொல்லணும். 2006 மே மாசம் கூகுள் நோட்புக் வந்துச்சு. 2009 ஜனவரியில புது ஆட்களைச் சேர்க்கிறதை நிறுத்தினாங்க. ஏற்கெனவே வச்சிருந்தவங்களை மட்டும் விட்டு வச்சு, 2012ல முழுசா மூடினப்ப எல்லாக் குறிப்பையும் கூகுள் டாக்ஸுக்கு மாத்திக் குடுத்தாங்க. ஸ்பிரிங்பேட் 2014ல மூடினப்பவும் வெளியே எடுக்க வழி குடுத்துத்தான் மூடினாங்க. சாவு எல்லாருக்கும் உண்டு. ஒழுங்கா உயில் எழுதி வச்சுட்டுப் போறதுதான் வித்தியாசம்.

கூகுள் நோட்புக்கை மூடின மறு வருஷமே, 2013 மார்ச் 20ல, "கீப்"னு புதுசா ஒண்ணை விட்டாங்க. 'வச்சுக்கோ'ன்னு பேரு. அதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் கூகுள் ரீடரை மூடப்போறதா அறிவிச்சிருந்தாங்க. ஊரே சிரிச்சது. ஆனா கீப் இன்னும் உயிரோடதான் இருக்கு, அதையும் சொல்லணும் இல்லையா.

*

சரி, ஏன் இப்படிப் பண்றாங்க?

பேர் மாத்த மூணு காரணம் எனக்குத் தெரியுது. ஒண்ணு வழக்கு, ஸ்கைடிரைவ் மாதிரி. ரெண்டாவது, கம்பெனி எதை நம்புதோ அதை எல்லாத்து மேலயும் ஒட்டுறது. "ஆஃபீஸ் 365" 2020ல "மைக்ரோசாஃப்ட் 365" ஆச்சு. ஆஃபீஸ் செயலியும் அதே பேருக்கு மாறி, 2025 ஜனவரியில "மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்" ஆச்சு. மூணாவது, உள்ளே ரெண்டு குழு ஒரே வேலையை ரெண்டு விதமாச் செய்யும், ரெண்டுக்கும் அதே நல்ல பேர் வேணும்.

மூடுறதுக்குக் காரணம் இன்னும் எளிமை. உங்க குறிப்பு உங்களுக்கு மட்டும்தான் தேவை. பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்தா உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. காசு குடுக்கிறவங்க கொஞ்சம் பேர், சேமிப்புச் செலவு வருஷா வருஷம் ஏறும். கணக்கு உதைக்கும்.

"வெறும் .டிஎக்ஸ்டி கோப்புல எழுது, எந்தக் கவலையும் இல்லை"ன்னு நம்ம பொட்டி தட்டுற நண்பர்கள் சொல்வாங்க. நோட்பேட் 1985ல விண்டோஸ் 1.0ல இருந்தே இருக்கு, பேர் மாறவே இல்லை. நானும் அந்தக் கட்சிதான். ஆனா தமிழனுக்கு அதுலயும் ஒரு குழி உண்டு. ஒருங்குறி பரவுறதுக்கு முன்னால பாமினி, திஸ்கின்னு ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, குறியாக்கம்னு தட்டி வச்சதை இன்னைக்குத் திறந்தா, கோப்பு பத்திரமா இருக்கும், எழுத்து இருக்காது. அதுக்கப்புறமும் நோட்பேட் ரொம்ப நாள் 'ஆன்சி'யிலதான் சேமிக்கப் பார்க்கும். எச்சரிக்கையைக் கவனிக்காம 'ஓகே' குடுத்தா தமிழ் மொத்தமும் கேள்விக்குறியா மாறிடும். இயல்பாவே யூடிஎஃப்-8ல சேமிக்க ஆரம்பிச்சது 2019ல வந்த விண்டோஸ் 10 பதிப்புலதான்.

*

இப்ப என் கடுப்புக்கு வர்றேன். கொசுவத்தி சுத்திக்கோங்க.

2017 மே மாசம் செமஸ்டர் லீவு. அப்பத்தா திண்ணையில உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டே சொந்தபந்தம் சொல்லும். யார் யாருக்கு எந்த ஊர்ல பொண்ணு எடுத்தது, எந்தப் பஞ்சத்துல எந்தப் பங்காளி எங்க போனாங்க, பிறந்து பேர் வைக்கிறதுக்குள்ள போன புள்ளைங்க எத்தனைன்னு. ஆறு தலைமுறை. மூணு நாள் உக்காந்து எல்லாத்தையும் போன்ல ஒரு செயலியில தட்டினேன். அப்ப அது பிரபலம், பேர் வேண்டாம். உள்நுழைய காலேஜ் குடுத்த மின்னஞ்சலைப் போட்டிருந்தேன்.

2019ல அப்பத்தா போயிடுச்சு. அதே வருஷம் படிப்பு முடிஞ்சது, காலேஜ் மின்னஞ்சலும் முடிஞ்சது. 2021ல குறிப்பைத் தேடினா செயலியே இல்லை. முந்தின வருஷமே மூடியிருக்காங்க. கெடு சொல்லி மெயில் அனுப்பியிருப்பாங்க, இல்லாத முகவரிக்கு.

திட்டலாம்னு பார்த்தா வாய் வரலை. ஏன்னா போன வருஷம் எங்க ஆபீஸ்ல உள்ளுக்குள்ள புழங்குற ஒரு சின்ன டூலை மூடினோம். அந்த மெயிலை எழுதினவன் அடியேன்தான். "30 நாளுக்குள் உங்கள் தரவை எடுத்துக்கொள்ளவும்". எழுதும்போது எனக்கு அப்பத்தா ஞாபகம் வரலை. ரெண்டு நாள் கழிச்சு, முகம் தெரியாத ஒரு அக்கா "நான் பிரசவ விடுப்புல இருக்கேன் தம்பி, திரும்பி வந்து எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டு மெயில் போட்டாங்க. அப்பதான் சுருக்குன்னுச்சு. டேமேஜர்கிட்ட சண்டை போட்டு மூணு மாசமா நீட்டினேன். எல்லாருடைய தரவையும் சாதாரணக் கோப்பா இறக்கித் தர ஒரு ஸ்கிரிப்ட்டும் எழுதினேன். ஒரு சனிக்கிழமை வேலை, அவ்வளவுதான்.

இப்ப மதுரையில இருக்கிற சின்ன அத்தைகிட்ட மறுபடி கேட்டு எழுதிக்கிட்டு இருக்கேன். யூடிஎஃப்-8ல ஒரு கோப்பு, நாற்பது பக்க நோட்டுல ஒரு பிரதி. அத்தைக்கு நாலு தலைமுறைதான் தெரியுது. அதுக்கு மேல ரெண்டு தலைமுறை, அப்பத்தா ஒருத்தருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது.

பி.கு: நீங்க எந்தச் செயலியில எழுதினாலும் சரி, இந்த வாரமே 'எக்ஸ்போர்ட்' எங்க இருக்குன்னு தேடி ஒரு தடவை அழுத்திப் பாருங்க. கோப்பு வெளியே வருதான்னு மட்டும் பார்க்காம, திறந்து தமிழ் தெரியுதான்னும் பாருங்க.