வேலையின் மதிப்பும் கூலியின் அளவும்: ஆவடி, அம்பத்தூர்

சென்னையின் மேற்குப் புறநகரில் பெண்களின் கூலி தாழ்ந்து நின்ற வரலாற்றை, ஒரே இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு அறிய முடியாது. எந்த வேலை யாருக்குரியது என்று தொழிற்சாலைகள் பிரித்து வைத்த முறையிலேயே அதன் வேர் இருக்கிறது. அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸும், ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் தோன்றியபோது, லேத், வெல்டிங், ஃபிட்டர் வேலைகள் ஏறக்குறைய முழுவதும் ஆண்களிடமே சென்றன. பின்னர் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் பெருகிய காலத்தில் தையல் இயந்திரங்களின் முன் பெண்கள் அமர்த்தப்பட்டனர். அங்கும் துணி வெட்டுதலும் இஸ்திரியும் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. தையல், பெண்கள் வீட்டிலேயே கற்றுவரும் கைப்பழக்கம் என்று கருதப்பட்டதால், அதற்குத் திறன் என்ற பெயரே எளிதில் கிடைக்கவில்லை.

இப்பிரிவினையைச் சட்டம் தொடவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் ஏற்று, இந்தியா 1958இல் உறுதிசெய்த 100ஆம் உடன்படிக்கை, ‘சம மதிப்புள்ள வேலை’க்குச் சம ஊதியம் கோருகிறது, அதாவது, வேலைகள் வெவ்வேறாயினும் அவற்றுக்கு வேண்டிய திறனும் உழைப்பும் பொறுப்பும் நிகராயின் கூலியும் நிகராக வேண்டும். ஆனால் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ என்ற குறுகிய எல்லையிலேயே நின்றதால், தையல் பெண்ணைத் தொழிற்பேட்டையின் வெல்டரோடு ஒப்பிட வழியில்லாமல் போயிற்று. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் தொழில்வாரியாகவே கூலியை வகுத்தது. தையல் தொழிலுக்குத் தமிழக அரசு 2014இல் உயர்த்திய ஊதியத்தைக்கூட உற்பத்தியாளர்கள் எதிர்த்து வழக்காடினர். சென்னை உயர் நீதிமன்றம் அம்மனுக்களை 2016இல் தள்ளுபடி செய்தது.

வெவ்வேறு வேலைகளை ஒரே தராசில் நிறுக்க இயலாது என்பார்க்கு ஆவடியே மறுமொழி. 1973இல் அறிக்கை அளித்த மூன்றாம் ஊதியக் குழுவைத் தொடர்ந்து, பாதுகாப்புத் துறைத் தொழிற்கூடங்களின் வேலைகளை ஆராய நிபுணர் வகைப்பாட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது வேலைகளுக்குப் புள்ளிகள் இட்டுத் தரம் பிரிக்க, அதன் அடிப்படையில் 1981இல் ஊதிய விகிதங்கள் ஆணையிடப்பட்டன. கனரக வாகனத் தொழிற்சாலையும், படைவீரர்களின் உடைகளைத் தைக்கும் ஆவடி ஆயுதப்படை உடைத் தொழிற்சாலையும் அத்துறைக்கு உட்பட்டவையே. பெண்களுக்கு நீதி வழங்குவது அக்குழுவின் நோக்கமன்று. ஆயினும் தொழில் கடந்து வேலையின் மதிப்பை அளக்க முடியும் என்பது அதனால் நிறுவப்பட்டது.

2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் 1976இன் குறுகிய சொற்களையே மீண்டும் ஏற்றுக்கொண்டது. அரசு தன் தொழிற்கூடங்களுக்குப் பயன்படுத்திய அளவுகோல் சட்டமாகி, சில கல் தொலைவிலுள்ள அம்பத்தூரின் தையல் கூடங்களுக்கும் வரும்வரை, சம ஊதியம் என்ற உரிமை அப்பெண்களுக்கு ஏட்டளவிலேயே இருக்கும்.