பார்பியானாவிலிருந்து ஒரு கடிதம்

1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்னும் இளம் குருவானவர், இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு வடக்கே மலையிலுள்ள பார்பியானா என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். மேலிடத்துக்கு உவப்பில்லாதவருக்குக் கிடைத்த தண்டனை இடமாற்றம் அது எனலாம்.

அங்கே அவர் கண்டவர்கள் அரச பாடசாலைகள் 'மண்டையில் ஏறாது' எனக் கைவிட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகள். தமது இல்லத்திலேயே அவர்களுக்குப் பாடசாலை நடத்தினார். விடுமுறை கிடையாது, ஞாயிறும் படிப்புத்தான். பத்திரிகையே பாடநூல். மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான்; ஒருவனுக்கு விளங்காவிட்டால் பாடம் நகராது. மொழி கைவராததே ஏழையைத் தாழ்த்துகிறது என்பது மிலானியின் துணிபு. கண்டிப்பு மிகுந்தவர், அதனை இன்று நாம் முழுதும் ஏற்போமா என்பது வேறு விஷயம்.

1967 மே மாதத்தில் அப்பிள்ளைகள் எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' நூலாக வெளிவந்தது. தோழரைப் பரீட்சையில் சித்தியடைய விடாத ஆசிரியையை விளித்து எழுதியது. எழுதிய விதம் இலக்கியக்காரர் கவனிக்கத்தக்கது. துண்டுக்கு ஒரு கருத்தாகக் குறித்து, மேசையில் பரப்பி, இனம் பிரித்து, கூறியது கூறலை நீக்கி, மிகையான சொற்களைக் கூட்டாகவே வெட்டினார்கள். எவர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள் என்பதற்குப் புள்ளிவிபரமும் திரட்டினார்கள்.

அட்டையில் ஆசிரியர் பெயராக நின்றது 'பார்பியானாப் பாடசாலை'. அடுத்த மாதம், ஜூன் 26இல், தமது 44ஆவது வயதில் மிலானி காலமானார்.